தப்பாக இருந்தால் எப்படித் தெரியும்?

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் போகிற மின்சார ரயிலில் குரோம்பேட்டை தாண்டியதும் 'தாம்பரம் சானடோரியம்' என்று ஒரு நிறுத்தம் வரும். தினமும் அந்த வழியாகப் போய் வருகிற பலருக்கு அது வெறும் ஸ்டேஷன் பெயர். காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்குத்தான் சானடோரியம் என்று பெயர். நோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் ஓய்வும் நல்ல காற்றும் சத்தான சாப்பாடும்தான் வைத்தியம். ஊரில் இதை எலும்புருக்கி என்பார்கள். வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் அவரை எங்கேயாவது அனுப்பிவிட வேண்டும், இல்லையென்றால் குழந்தைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. டாக்டர்களுக்கும் இருந்தது.

1950-களில் மருந்து வந்துவிட்டது. ஐசோனியாசிட், பி.ஏ.எஸ்., ஸ்ட்ரெப்டோமைசின் எல்லாம் கைக்கு எட்டின. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் படுக்கைகள் மிகக் கொஞ்சம். அப்போது எழுந்த கேள்வி எளிமையானது: இந்த மருந்தை நோயாளியின் வீட்டிலேயே கொடுத்தால் என்ன? வீடு என்றால் ஒரே அறையில் ஆறேழு பேர் படுக்கிற, அரை வயிறு சாப்பாடு கிடைக்கிற, சென்னையின் ஏழை வீடு.

இதைக் கண்டுபிடிக்க 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் ஒரு மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தலைமை வகித்தார். சேத்துப்பட்டில் இன்றைக்கு இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான்.

அவர்கள் 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு வீட்டில் சிகிச்சை, மீதிப் பேருக்குச் சானடோரியத்தில். இரண்டு பக்கமும் அதே மருந்து, அதே ஒரு வருடம். யார் எந்தப் பக்கம் என்பதை டாக்டரும் முடிவு செய்யவில்லை, நோயாளியும் முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்குவதுபோல் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டாக்டர் கையில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ரொம்ப முடியாதவரைப் பார்த்து மனசு கேட்காமல் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். கொஞ்சம் தெம்பாக இருப்பவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். கடைசியில் வீட்டில் இருந்தவர்கள் நன்றாகத் தேறினால், அதற்குக் காரணம் வீடா, அவர்கள் முதலிலேயே தெம்பாக இருந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தக் கருணையே ஆய்வைக் கெடுத்துவிடும்.

குலுக்கல் முறையை மருத்துவத்தில் ஒழுங்காக நிலைநாட்டியதும் ஒரு காசநோய் ஆய்வுதான். 1948-ல் பிரிட்டனில் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியலாளர், யாருக்கு மருந்து என்பதை ஒட்டிய உறைகளுக்குள் வைத்துக் கொடுத்தார். மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 4 பேர். ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எல்லோருக்கும் கொடுக்கும் அளவுக்கு மருந்தே இல்லை. ஆகவே குலுக்கிப் போடுவதுதான் நியாயமாகவும் இருந்தது. ஆனால் அந்தக் கதை அங்கே முடியவில்லை. கிருமி மருந்துக்குப் பழகிக்கொண்டது. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பக்கத்துக்கும் இருந்த இடைவெளியில் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது. ஒரே மருந்தை மட்டும் கொடுக்கக் கூடாது, இரண்டு மூன்றைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற பாடம் அந்த அனுபவத்திலிருந்து வந்தது.

சென்னைக்கு வருவோம். ஒரு வருட முடிவில் சளியில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், நன்றாக ஓய்வெடுத்தார்கள், எடையும் அதிகம் போட்டார்கள். அப்படியிருந்தும் கிருமி விஷயத்தில் பெரிய வித்தியாசம் வரவில்லை. வீட்டில் இருந்தவர்கள் மாத்திரையை உண்மையிலேயே விழுங்குகிறார்களா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். வீட்டில் கூட இருந்தவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்ததால் அவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே தொற்றிவிட்டிருந்தது.

1959-ல் இந்த முடிவு வெளியானது. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து நோயாளியின் வீட்டுக்கு இறங்கி வந்ததில் சென்னை ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் ஊர் ஏழைகள் 193 பேர் உலகத்துக்குக் கொடுத்த கொடை இது. பள்ளிப் பாடத்தில் இது ஒரு பக்கமாவது இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டுள்ளது' என்ற வாக்கியத்தை நாம் வாரத்துக்குப் பத்து முறை படிக்கிறோம். மஞ்சளைப் பற்றி ஓர் ஆய்வு, கீழடியைப் பற்றி ஓர் ஆய்வு, செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஓர் ஆய்வு, சூரியனைப் பற்றி ஓர் ஆய்வு. எல்லாவற்றுக்கும் ஒரே சொல். ஆனால் தச்சரும் கொல்லரும் ஒரே கருவியை வைத்துக்கொண்டு வேலை செய்வதில்லை. ஒரு துறையில் சான்றாக ஏற்கப்படுவது இன்னொரு துறையில் சான்றே ஆகாது. ஓர் ஆய்வு முடிவைப் படிக்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இது தப்பாக இருந்தால் அந்தத் தப்பு எப்படி வெளியே வந்திருக்கும்? சென்னைக் காசநோய் ஆய்வில் பதில் தெளிவாக இருக்கிறது. வீட்டுச் சிகிச்சை மோசம் என்றால் வீட்டுப் பக்கத்தில் கிருமி அடங்காதவர்கள் குவிந்திருப்பார்கள், குழந்தைகளுக்கு நோய் வந்திருக்கும். எண்ணிப் பார்க்க ஆள் தயாராக இருந்தார்கள்.

சரி, கல்வெட்டில் என்ன செய்வது? சேர அரசர்களைக் குலுக்கிப் போட்டு இரண்டு குழுவாகப் பிரிக்க முடியாது. நடந்தது ஒரே ஒரு முறை நடந்தது.

தமிழ்நாட்டு மலைக்குகைகளில், சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கைகளுக்கு மேலும் பக்கத்திலும் சிறு சிறு எழுத்துப் பொறிப்புகள் உண்டு. எழுத்து, அசோகர் கல்வெட்டுகளில் வருகிற பிராமி என்ற பழைய எழுத்து என்று தெரிந்தது. ஆனால் வாசித்தால் ஒன்றும் விளங்கவில்லை. பிராகிருதமாக இருக்குமோ, ஏதாவது கலப்பு மொழியோ என்று பலரும் திணறினார்கள். 1924-ல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இவை தமிழ் என்று எடுத்துக்காட்டினார். ழ, ள, ற, ன ஆகிய ஒலிகளுக்கென்றே தனி வடிவங்கள் அதில் இருந்தன.

தமிழ் என்று தெரிந்த பிறகும் ஒரு முடிச்சு இருந்தது. 'மகன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அசோகர் காலப் பிராமி விதிப்படி வாசித்தால், பழைய குகைக் கல்வெட்டுகளில் அது 'மாகான' என்று வருகிறது. எழுதியவருக்குத் தமிழ் தெரியவில்லையா? அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அசோகர் எழுத்தில் வெறும் 'ம' வடிவமே 'ம' என்ற உயிர்மெய். பக்கத்தில் ஒரு கோடு இழுத்தால் 'மா'. தமிழில் சொற்கள் ஒற்றெழுத்தில் முடிவது சகஜம் என்பதால் தொடக்ககாலத் தமிழ் எழுத்தாளர்கள் வேறு ஏற்பாடு செய்துகொண்டார்கள். கோடு இல்லாத வடிவம் ஒற்று. கோடு போட்டால் அகரம் ஏறிய எழுத்து. அப்படிப் பார்த்தால் கோடு போட்ட ம, கோடு போட்ட க, கோடு இல்லாத ன். மகன். பிறகுதான் புள்ளி வந்து இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. நாம் ஒன்றாம் வகுப்பில் யோசிக்காமல் வைக்கிற அந்தப் புள்ளிக்குப் பின்னால் இவ்வளவு பெரிய பிரச்சினை இருந்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இந்தத் துறையில் ஒரு வாசிப்பு சரியா தப்பா என்று எப்படிச் சோதிப்பது? ஒரு கல்வெட்டுக்கு மட்டும் பொருந்துகிற விதி விதியே ஆகாது. அதே விதியை அடுத்த மலைக்குக் கொண்டுபோய் வாசித்தால் அங்கேயும் பொருள் தர வேண்டும். அதைவிடக் கடுமையான சோதனை, கல்வெட்டைப் பார்த்தே இராத வேறொரு சாட்சி அதே செய்தியைச் சொல்ல வேண்டும் என்பது.

கரூர் பக்கம் புகளூரில் ஆறுநாட்டார் மலை இருக்கிறது. அங்குள்ள கல்வெட்டை 1965-ல் ஐராவதம் மகாதேவன் வாசித்தார். 'கோ ஆதன் செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோன் மகன் இளங்கடுங்கோ' என்று தாத்தா, மகன், பேரன் என மூன்று தலைமுறை வருகிறது. பேரன் இளவரசனாக ஆனபோது துறவிக்கு வெட்டிக்கொடுத்த கல். சேர அரசர்களைப் பாடும் பதிற்றுப்பத்தைத் திறந்தால் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பத்துகளின் தலைவர்கள் செல்வக்கடுங்கோ வாழியாதன், பெருஞ்சேரல் இரும்பொறை, இளஞ்சேரல் இரும்பொறை. அச்சு அசலாக ஒன்றல்ல. ஆனால் ஆதன், கடுங்கோ, இரும்பொறை, பெரு, இள என்று அதே பெயர்க் கூறுகள், அதே வரிசையில் மூன்று பேர். ஏட்டில் கையெழுத்தாகப் படியெடுத்துப் படியெடுத்து வந்த பாட்டும், வெயிலிலும் மழையிலும் கிடந்த பாறையும் தனித்தனியாக ஒரே குடும்பத்தைச் சொல்கின்றன. மகாதேவன் தொழிலால் ஐ.ஏ.எஸ். அதிகாரி என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்துகொண்டு இதைச் செய்தவர்.

இன்னொன்று ஜம்பை. அசோகரின் கல்வெட்டுகள் தெற்கே சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு 'சதியபுதோ' என்று ஒருவரையும் சொல்கின்றன. அது யார்? மகாராஷ்டிரத்தில் தேடினார்கள், துளு நாட்டில் தேடினார்கள், காஞ்சிபுரம் என்றும் சொன்னார்கள். ஆளாளுக்கு ஒரு கட்டுரை. 1981-ல் திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பைக் குன்றில் ஒரே ஒரு வரி கிடைத்தது: 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி'. பாளி என்றால் துறவிகள் தங்கும் இடம். சதியபுதோ வேறு யாருமில்லை, ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் குலம். பல பத்தாண்டு விவாதத்தை ஒரு வரி தீர்த்துவைத்தது. இது பிற்காலத்தில் யாராவது வெட்டிவைத்ததோ என்ற சந்தேகத்தையும் சிலர் எழுப்பினார்கள். எழுப்பியதில் தப்பில்லை. ஒரே ஒரு வரியின் மேல் இவ்வளவு பாரம் ஏற்றும்போது அந்த வரியை எல்லாப் பக்கமும் தட்டிப்பார்க்கத்தான் வேண்டும்.

மருத்துவத்தில் ஒரே ஒரு நோயாளி குணமானார் என்றால் அது பேச்சோடு போகும். கல்வெட்டியலில் ஒரே ஒரு பாறை வரலாற்றைத் திருத்தி எழுத வைக்கும். இரண்டுமே கறாரான ஆய்வுதான். முதலாவதில் எதேச்சையாக நடந்துவிட வாய்ப்பு அதிகம். அதனால் எண்ணிக்கை தேவைப்படுகிறது. இரண்டாவதில் 'ஸதியபுதோ'வும் 'அதியந் நெடுமாந் அஞ்சி'யும் ஒரே வரியில் எதேச்சையாக வந்து உட்கார வாய்ப்பே இல்லை.

வானத்தைப் பார்க்கிறவர்களுக்கு வேறு மாதிரிப் பொறுமை வேண்டும். 1876-ல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான உயிர்கள் போயின. சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் சுமார் 11 வருடத்துக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன என்பது அப்போதே தெரியும். மழையும் அதோடு சேர்ந்து கூடிக் குறைகிறதோ, அப்படியென்றால் பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாமே என்று ஒரு நம்பிக்கை பிறந்தது. கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் அமைய அந்த நம்பிக்கையும் ஒரு காரணம். 1899-ல் அது வேலையைத் தொடங்கியது.

பஞ்சத்தை முன்னறிவிக்கும் சூத்திரம் கிடைக்கவில்லை. வேறொன்று கிடைத்தது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் அங்கே கரும்புள்ளிகளின் நிறமாலையை, அதாவது நிறம் நிறமாகப் பிரித்த ஒளியை, படமெடுத்துப் பார்த்தபோது, புள்ளியின் ஓரப் பகுதியில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டார். நிறமாலைக் கோடுகள் ஒரு பக்கம் சிவப்பு நோக்கியும் மறு பக்கம் நீலம் நோக்கியும் நகர்ந்திருந்தன; வாயு நம்மை விட்டு விலகினால் சிவப்பு, நெருங்கினால் நீலம். சூறாவளி மாதிரிச் சுழலும் என்று எதிர்பார்த்திருந்த இடத்தில் அது நேராக வெளியே ஓடிக்கொண்டிருந்தது. இன்று உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். அப்புறம் அந்த ஆய்வகத்தில் நாள் தவறாமல் எடுத்துச் சேர்த்த சூரியப் படங்கள் ஒரு நூற்றாண்டைத் தாண்டிவிட்டன. மேகம் மூடிய நாள் போக மற்ற நாளெல்லாம் படம். எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு அது எதற்குப் பயன்படும் என்று தெரிந்திருக்காது. இப்போது அவற்றை எண்ம வடிவாக்கி, சூரியன் நூறு வருடமாக எப்படி நடந்துகொண்டது என்று பார்க்கிறார்கள்.

கணிதத்தில் எண்ணிக்கைக்கே மரியாதை இல்லை. ராமானுஜன் 1916-ல் டௌ சார்பு என்ற எண்வரிசை பற்றி ஓர் ஊகத்தை வெளியிட்டார். எத்தனை லட்சம் எண்களில் சரிபார்த்தாலும் அது நிரூபணம் ஆகாது, அடுத்த எண்ணிலேயே உடைந்துபோகலாம். பியர் டெலின் 1974-ல் நிரூபணத்தை வெளியிடும்வரை 58 வருடம் அது ஊகமாகவே இருந்தது.

கடைசியாகத் தொழில்நுட்பம். இங்கே சான்று என்பது பெரும்பாலும் மதிப்பெண். ஒரு மொழிபெயர்ப்பு நிரல் எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்று பார்க்க, முன்பே மனிதர்கள் மொழிபெயர்த்து வைத்த வாக்கியங்களோடு அதன் வெளியீட்டை ஒப்பிட்டு எண் போடுவார்கள். 2002-ல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் கொண்டுவந்த 'புளூ' என்ற அளவுகோல் பல வருடம் கோலோச்சியது. இரண்டு வாக்கியத்திலும் பொதுவாக வரும் சொற்களையும் சொல்தொடர்களையும் அது எண்ணும்.

இப்போது ஒரு சோதனை. மனிதர் எழுதிவைத்த விடை: 'வீட்டுக்குப் போய்விட்டான்'. நிரல் கொடுத்தது: 'வீட்டிற்குச் சென்றுவிட்டான்'. தமிழ் தெரிந்த யாரைக் கேட்டாலும் இரண்டும் ஒன்றே என்பார்கள். சொல்லை எண்ணும் அளவுகோலுக்கு இங்கே பொதுவான சொல் ஒன்றுகூட இல்லை. பூஜ்யம். வேற்றுமை உருபும் துணைவினையும் சந்தியும் சேர்ந்து ஒரே சொல்லாக நீள்கிற மொழியில், ஓர் எழுத்து மாறினாலும் முழுச் சொல்லும் 'தப்பு' என்று ஆகிவிடும். பிறகு 2015-ல் எழுத்துத் துணுக்குகளை எண்ணும் வேறோர் அளவுகோலை மாயா போபோவிச் முன்வைத்தார். அதில் 'வீட்டு'க்கும் 'வீட்டி'க்கும் பொதுவான பகுதிக்கும், கடைசியில் வரும் 'விட்டான்' என்பதற்கும் மதிப்பு கிடைக்கும். தமிழுக்கு இது எவ்வளவோ நியாயமான தராசு. நிரல் மாறவே இல்லை, வாக்கியம் மாறவே இல்லை, தராசை மாற்றியதும் மதிப்பெண் மாறிவிட்டது.

இன்னும் கீழே போனால் எழுத்தையே எப்படி எண்ணுவது என்ற இடத்தில் வந்து நிற்போம். 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிகள் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு கணக்கில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. இணையத்தில் பரவலாகப் புழங்கும் யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு, மொத்தம் பதினைந்து. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். ஆகவே 'எங்கள் நிரல் இத்தனை எழுத்து நீளமுள்ள உரையைக் கையாளும்' என்று ஓர் ஆய்வுக் கட்டுரை சொன்னால், எந்த எழுத்து என்று கேட்காமல் நகரக் கூடாது. குகையில் 'மகன்' எழுதியவருக்கு இருந்த அதே தலைவலி இரண்டாயிரம் வருடம் கழித்து வேறு வேடத்தில் வந்திருக்கிறது.

தொழில்நுட்பத்தில் தப்பு வெளியே வருவது சீக்கிரம். வெளியிட்ட மறுநாளே யாராவது ஓட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். மருத்துவத்தில் அதற்கு ஒரு தலைமுறைகூட ஆகலாம்.

1968-ல் அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர் பகுதிக் கிராமங்களில், பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியைப் பற்றி உலகின் மிகப் பெரிய ஆய்வு ஒன்று தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊசி போட்டுக்கொண்டார்கள். சிலருக்கு உண்மையான தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. பதினைந்து வருடம் அந்தக் கிராமங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய் இருமல் உள்ளவர்களின் சளியை எடுத்துச் சோதித்தார்கள். பிரிட்டனில் நடந்த ஆய்வில் இதே பி.சி.ஜி. நன்றாகப் பலன் தந்திருந்தது. இங்கேயும் அப்படித்தான் வரும் என்றே பலர் நம்பினார்கள்.

வந்த பதில்: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயிலிருந்து இந்தத் தடுப்பூசி பாதுகாப்புத் தரவில்லை.

இப்படி ஒரு முடிவை வெளியிட நெஞ்சுரம் வேண்டும். நாடு முழுக்கப் போட்டுக்கொண்டிருந்த ஊசி அது. ஏன் பலன் தரவில்லை என்பதற்கு இன்றும் முழு விடை இல்லை. சுற்றுப்புறத்தில் இருக்கும் வேறு வகைக் கிருமிகள் நம் உடம்பை முன்பே பழக்கிவிடுகின்றன என்பது ஒரு விளக்கம். அதே சமயம், சின்னக் குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து பி.சி.ஜி. காக்கிறது என்று வேறு ஆய்வுகள் காட்டின. எனவே பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறார்கள். நம்மில் பெரும்பாலானவர்களின் இடது தோளுக்குக் கீழே சின்ன வட்டமாக இருக்கிற தழும்பு அதுதான்.